யாருக்குப் பயன்பட்டது உளவியல்?

தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்குச் சட்டமும் தத்துவமும் வகுத்துக் கொடுத்தவர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட். 1950 முதல் பூர்வகுடி விவகார அமைச்சர், 1958 முதல் 1966 வரை பிரதமர். கறுப்பினப் பிள்ளைகளுக்கு உடலுழைப்புக்கு வேண்டிய அளவு படிப்பே போதும் என்று தனிக் கல்விச் சட்டம் கொண்டுவந்தவர். அவர் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. 1924 இல் அவர் அளித்த ஆய்வேடு மனித உணர்ச்சிகள் மழுங்கிப்போவதைப் பற்றியது. ஜெர்மனியில் மேலும் படித்துத் திரும்பி ஸ்டெலன்போஷ் பல்கலைக்கழகத்தில் பயன்முறை உளவியல் பேராசிரியரானார். பின்னர் அங்கேயே சமூகவியலும் சமூகப்பணியும் கற்பிக்கும் துறையை நடத்தினார்.

ஓர் உளவியலாளர் அரசியலுக்குப் போய்க் கெட்டார், அதற்கும் அவர் படித்த படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு இதைத் தாண்டிப் போகலாம். அப்படிப் போனால், அடக்குமுறைக்கு நடுவே மனநல சேவை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தவறான இடத்தில் தொடங்கிவிடுவோம். அந்தக் கேள்விக்கு நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் பதில்கள் சில உண்டு. உளவியலாளர் அரசியலில் ஒட்டாமல் இருக்க வேண்டும். சேவை எல்லாருக்கும் எட்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர்களைப் பேசவைத்தால் மனம் ஆறும். ஆட்சி மாறினால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். தென்னாப்பிரிக்கா இந்தப் பதில்கள் ஒவ்வொன்றுக்கும் விலை கொடுத்துப் பார்த்த நாடு. அந்த அனுபவத்தில் இவற்றை உரசிப் பார்க்கலாம்.

“உளவியல் அரசியலுக்கு அப்பாற்பட்ட அறிவியல்”

1920களின் இறுதியில் தென்னாப்பிரிக்க அரசையும் டச்சு சீர்திருத்தத் திருச்சபையையும் ஒரு கவலை பிடித்திருந்தது: ஏழை வெள்ளையர். நிலத்தை இழந்து நகரத்துக்கு வந்த, டச்சு வழிவந்த வெள்ளையரான ஆஃப்ரிக்கானர் குடும்பங்கள் கறுப்பினத் தொழிலாளர்களுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தன. கார்னகி நிறுவனத்தின் நிதியில் 1929 இல் தொடங்கிய ஆய்வு, 1932 இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அவற்றில் உளவியல் பற்றிய தொகுதியை எழுதியவர் ஸ்டெலன்போஷ் பேராசிரியர் ஆர். டபிள்யூ. வில்காக்ஸ். 1934 இல் கிம்பர்லியில் இதற்கென்றே கூடிய மாநாட்டில் முன்னின்றவர்களில் ஒருவர் ஃபெர்வூர்ட். வேலை வாய்ப்பில் வெள்ளையருக்கு முன்னுரிமை தருவது நியாயமே என்று அங்கே அவர் வாதாடினார்.

அங்கே உளவியல் சோம்பிக் கிடக்கவில்லை. வறுமையை நேரில் போய்ப் பார்த்தது, அளந்தது, பரிந்துரைத்தது, அரசின் கொள்கையாகவே மாறியது. ‘சமூகத்துக்குப் பயன்படும் உளவியல்’ என்று இன்று நாம் கேட்பது எல்லாம் அதில் இருந்தது. சமூகம் என்று அது எண்ணியதில் அந்த நாட்டு மக்களில் பெரும்பான்மையோர் இல்லை, அவ்வளவுதான். 1960களில் ஆஃப்ரிக்கானர் உளவியலாளர்கள் தங்கள் கூட்டங்களில், உளவியல் தன் இனத்துக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். ஆகவே சமூகப் பயன் என்ற கோரிக்கை தன்னளவில் முற்போக்கானது என்று நம்புவதும் ஒரு மூடநம்பிக்கையே. எந்தச் சமூகத்துக்கு, யார் கேட்டு, யாருடைய செலவில் என்று அடுத்தடுத்துக் கேட்காத வரை அந்தச் சொல்லுக்குள் யாரும் குடியேறலாம்.

தொழில்முறைச் சங்கத்தின் கதையையும் பார்த்துவிடலாம். தென்னாப்பிரிக்க உளவியல் சங்கம் 1948 இல் அமைந்தது. நிறவெறியை ஆட்சிக் கொள்கையாக்கிய தேசியக் கட்சி ஆட்சிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1950களின் பிற்பகுதியில் ஜோசஃபின் நாயுடு என்ற இந்திய வம்சாவளி உளவியலாளர் உறுப்பினராக விண்ணப்பித்தார். ஒரே ஒரு விண்ணப்பம். சங்கம் ஆண்டுக்கணக்கில் அதன்மேல் விவாதித்தது. நிற வேறுபாடின்றி உறுப்பினர்களைச் சேர்க்கலாம் என்று கடைசியில் முடிவானபோது, ஒரு பகுதியினர் வெளியேறி 1962 இல் வெள்ளையருக்கு மட்டுமான தனி அமைப்பைத் தொடங்கினார்கள். மனித மனத்தைப் படித்தவர்கள், சக உளவியலாளர் ஒருவர் தங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருவதைச் சகிக்க முடியாமல் சங்கத்தையே உடைத்தார்கள். உடைந்த இரண்டும் 1980களின் தொடக்கத்தில் ஒன்றாயின. எல்லாருக்குமான புதிய சங்கம் 1994 இல்தான் பிறந்தது.

தேர்வுத் தாள்கள் மட்டுமாவது நடுநிலையாக இருந்தனவா? 1939 இல் எம். எல். ஃபிக் என்பவர், கறுப்பினப் பிள்ளைகளின் அறிவுத்திறன் பிறவியிலேயே குறைந்தது என்று சோதனைகளைக் காட்டி எழுதினார். 1943 இல் உளவியலாளர் சைமன் பீஷூவெல் அதை மறுத்தார்: சத்துணவும் பள்ளியும் வீடும் இப்படி இருக்கும்போது அந்தச் சோதனைகளை வைத்துப் பிறவித் திறனைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றார். துணிச்சலான, சரியான மறுப்பு. அதே பீஷூவெலின் தலைமையில் 1946 இல் தொடங்கிய தேசியப் பணியாளர் ஆய்வு நிறுவனம், தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் பிரிக்கும் சோதனைகளை வடிவமைத்தது. பல மொழி பேசும் தொழிலாளர்களுக்கு, பேச்சில்லாத படங்களைக் காட்டியே செய்முறை விளக்கப்பட்டது. யாரை மண்வெட்டிக்கு அனுப்புவது, யாரைக் கங்காணியாக்குவது என்று அந்தச் சோதனை சொன்னது. சுரங்கத்தில் ஒருவனுக்கு எட்டாத பதவிகள் ஏன் தோல் நிறத்தைப் பார்த்துத் தீர்மானிக்கப்படுகின்றன என்று கேட்பது அந்தச் சோதனையின் வேலையாக இல்லை. பீஷூவெலை வில்லனாக்குவதில் எனக்கு விருப்பமில்லை. நேர்மையான ஆய்வாளர் ஒருவரும் தான் வேலை செய்யும் ஏற்பாட்டைக் கேள்வி கேட்காதபோது அதன் கருவியாகிறார் என்பதற்கு அவரைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

“எதிர்ப்பவனுக்குப் பித்துப் பிடித்திருக்கும்”

1966 செப்டம்பர் 6 அன்று கேப் டவுன் நாடாளுமன்றத்தில், தன் இருக்கையில் இருந்த ஃபெர்வூர்டைக் கத்தியால் குத்திக் கொன்றார் டிமித்ரி சஃபெண்டாஸ். கிரேக்கத் தந்தைக்கும் மொசாம்பிக்கைச் சேர்ந்த கலப்பினத் தாய்க்கும் பிறந்தவர். நாடாளுமன்றத்தில் தற்காலிகக் கடைநிலை ஊழியர். அவருக்கு மனச்சிதைவு நோய் என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். தன் வயிற்றில் ஒரு பெரிய நாடாப்புழு இருப்பதாக அவர் நம்பினார் என்ற செய்திதான் உலகெங்கும் பரவியது. விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று நீதிபதி வழக்கை முடித்தார்.

கைதான உடனே போலீசிடம் அவர் கொடுத்த வாக்குமூலங்களில் நிறவெறிக் கொள்கையின் மேல் இருந்த வெறுப்பு தெளிவாகவே பதிவாகியிருந்தது. அது நீதிமன்றத்தில் பேசப்படவில்லை. பேசப்படாமல் போனது அரசுக்கு வசதியாக இருந்தது. பிரதமரை ஒருவன் அரசியல் காரணத்துக்காகக் கொன்றான் என்றால் அந்த அரசியலைப் பற்றிப் பேச வேண்டிவரும். பித்தன் கொன்றான் என்றால் புழுவைப் பற்றிப் பேசினால் போதும். பித்தன் என்று தீர்ப்பளிக்கப்பட்டவரை மருத்துவமனைக்கும் அனுப்பவில்லை. பிரிட்டோரியா சிறையில், தூக்கு மேடைக்குப் பக்கத்துக் கொட்டடியில் பல்லாண்டுகள் அடைத்துவைத்தார்கள். 1994 இல்தான் ஸ்டெர்க்ஃபான்டைன் மனநல மருத்துவமனைக்கு மாற்றினார்கள். 1999 இல் அங்கேயே இறந்தார்.

அவருக்கு நோயே இல்லை என்று வாதாடுவோர் உண்டு. எனக்கு அந்த வாதம் அவசியமாகப் படவில்லை. நோயுள்ள ஒருவருக்கும் அரசியல் கோபம் இருக்கும். அந்தக் கோபத்துக்கு நியாயமான காரணமும் இருக்கும். நோயின் பெயரைச் சொன்னவுடன் காரணத்தைக் கேட்பதை நிறுத்திவிடுகிறோமே, அதுதான் தவறு. கலகம் செய்யும் மாணவன், வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளி, காணாமல்போன மகனைத் தேடிக் காவல் நிலைய வாசலில் கத்தும் தாய் என்று பலருக்கும் இது நடக்கிறது.

“ஒடுக்கப்பட்டவர்களுக்கு மனநல சேவை எட்டாததுதான் குறை”

எட்டவில்லை என்பது பாதி உண்மை. மீதிப் பாதி இன்னும் கசப்பானது. எட்டிய சேவை லாபத்துக்கு நடந்தது.

அரசு மருத்துவமனைகளில் இடமில்லை என்று ஸ்மித் மிச்சல் என்ற தனியார் நிறுவனத்தோடு அரசு ஒப்பந்தம் போட்டது. கைவிடப்பட்ட சுரங்கத் தொழிலாளர் கொட்டடிகள் மனநோயாளிகளின் விடுதிகளாயின. ஆயிரக்கணக்கான கறுப்பின நோயாளிகள் அங்கே இருந்தார்கள். ஒரு நோயாளிக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தது. இந்த ஏற்பாட்டில் நோயாளி குணமாகி வீடு திரும்பினால் நிறுவனத்துக்கு வருமானம் குறையும்.

செய்தி வெளியே கசிந்ததும் அரசு 1976 இல் மனநலச் சட்டத்தைத் திருத்தியது. மனநல நிலையங்களைப் படம் எடுத்து வெளியிடுவதும், அவற்றைப் பற்றித் ‘தவறான’ தகவல் எழுதுவதும் குற்றமாயின. மறு ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் நிறவெறியும் மனநலப் பராமரிப்பும் பற்றி அறிக்கை வெளியிட்டது. 1978 இல் நேரில் வந்து பார்த்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் குழு, கறுப்பின நோயாளிகள் தவிர்த்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்திருப்பதையும், அவர்களுக்கான சிகிச்சை வெள்ளையருக்கானதைவிட மிகத் தாழ்ந்ததாக இருந்ததையும் பதிவுசெய்தது. உள்நாட்டு மனநல மருத்துவர் சங்கம் அரசின் பக்கம் நின்று குற்றச்சாட்டுகளை மறுத்தது.

படுக்கைகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு நாட்டின் மனநல சேவையை மதிப்பிடுகிறவர்கள் இந்தக் கொட்டடிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். எண்ணிக்கையில் அவையும் படுக்கைகள்தான்.

மற்றபடி, நகரத்தில் தனியாக மருத்துவம் பார்த்த உளவியலாளர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆங்கிலமும் ஆஃப்ரிக்கான்ஸும் பேசினார்கள். ஜூலுவிலோ சோசாவிலோ சோத்தோவிலோ அழுகிறவரிடம் அதே மொழியில் பதில் சொல்லக்கூடியவர் அவர்களில் அரிது. நாட்டின் முதல் கறுப்பின மருத்துவ உளவியலாளர்களில் ஒருவரான சபானி மங்கான்யி, சொவெட்டோவின் பாரக்வனாத் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்கள் தங்கள் உடலை எப்படி உணர்கிறார்கள் என்பதே அவரது முனைவர் ஆய்வு. அங்கிருந்து, கறுப்பு உடலோடு வெள்ளையர் உலகில் வாழ்வது எப்படிப்பட்ட அனுபவம் என்ற கேள்விக்கு வந்து 1973 இல் புத்தகம் எழுதினார். நோயாளியின் படுக்கையருகே தொடங்கிய கேள்வி நாட்டைப் பற்றியதாக வளர்ந்தது. மேலிருந்து இறக்கப்படும் சேவைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரியது.

இதே பாடத்தைப் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில் மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபானோன் தோல்வியில் கற்றார். 1953 இல் பிளிடா மனநல மருத்துவமனையில் மருத்துவப் பொறுப்பேற்றவர், ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் கொண்டாட்டங்கள், சினிமா, நோயாளிகளே நடத்தும் பத்திரிகை என்று புதிய முறைகளைக் கொண்டுவந்தார், நன்றாக நடந்தது. முஸ்லிம் ஆண்கள் பிரிவில் அதையே செய்தபோது ஒருவரும் அசையவில்லை. நோயாளிகள் மந்தமானவர்கள் என்று ஒதுக்காமல், தன் முறைதான் அன்னியமானது என்று அவரும் சக மருத்துவர் ஜாக் அசூலேயும் எழுதினார்கள். பிறகு அந்தப் பிரிவுக்குள் ஒரு தேநீர்க்கடை வந்தது, இஸ்லாமியப் பண்டிகைகள் வந்தன, கதை சொல்லிகள் வந்தார்கள். அதுவும் போதாது என்று 1956 இல் அவர் பதவி விலகினார். ஒரு மக்களை அவர்கள் சொந்த மண்ணிலேயே அன்னியராக்கும் ஆட்சியின் கீழ், மனிதரை அவர் சூழலோடு மீண்டும் இணைப்பதாகச் சொல்லும் மருத்துவம் நடக்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு.

“உடம்பில் காயமில்லை என்றால் சித்திரவதை நடக்கவில்லை”

1963 இல் 90 நாள் விசாரணையற்ற காவல், 1965 இல் 180 நாள், 1967 இல் வரம்பே இல்லாத காவல் என்று சட்டம் வளர்ந்தது. தனிக் கொட்டடி, புத்தகமில்லை, வழக்கறிஞர் இல்லை, குடும்பத்துக்குத் தகவல் இல்லை. அடித்தால்தானே சித்திரவதை என்பது அரசின் வாதம்.

கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் டான் ஃபாஸ்டரும் சக ஆய்வாளர்களும் காவலில் இருந்து வெளிவந்தவர்களைச் சந்தித்து 176 காவல் நிகழ்வுகளை ஆராய்ந்தார்கள். 1985 இல் முதல் அறிக்கை, 1987 இல் புத்தகம். 83 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையான உடல் சித்திரவதையைச் சொன்னார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மற்றொன்று. தனிமைச்சிறையே, அடி விழாவிட்டாலும், மனத்தைச் சிதைக்கும் கருவி என்பதை அவர்கள் ஆதாரங்களோடு அடுக்கினார்கள். பல வாரம் மனித முகமே பார்க்காதவன், விசாரிக்கும் அதிகாரியின் முகத்தையே ஆவலோடு எதிர்பார்க்கத் தொடங்குகிறான். தூக்கமும் நேரக் கணக்கும் போன நிலையில் கையெழுத்திடும் வாக்குமூலம் எப்படி அவனாக விரும்பித் தந்ததாகும்? இந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் தங்கிவிடாமல் நீதிமன்றங்களில் உளவியலாளர்களின் சாட்சியமாக ஒலித்தது. ஆய்வு வெளியான உடனே அரசு அதன் முறையைத் தாக்கியது. ஒரு புள்ளிவிவர அட்டவணைக்கு ஆட்சி அவ்வளவு அஞ்சியது.

அதே 1985 செப்டம்பரில், போர்ட் எலிசபெத்தில் அரசுச் சம்பளம் வாங்கிய இளம் மருத்துவர் வென்டி ஓர், தான் தினமும் சோதிக்கும் கைதிகளின் உடலில் கண்ட அடையாளங்களோடு நீதிமன்றத்துக்குப் போனார். கைதிகளைத் தாக்கக் கூடாது என்று போலீசுக்குத் தடையாணை வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன், 1977 இல், இதே நகரத்தில், பின்னர் காவலிலேயே இறந்த கறுப்பின விழிப்புணர்வு இயக்கத் தலைவர் ஸ்டீவ் பிக்கோவைச் சோதித்த அரசு மருத்துவர்கள், தலையில் அடிபட்டுக் கிடந்தவரைச் சங்கிலியோடு வண்டியில் ஏற்றி ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பப் போலீசை அனுமதித்திருந்தார்கள். அவர்களும் ‘அரசியலில் தலையிடாதவர்கள்’.

“நல்ல சிகிச்சையாளர் எந்தப் பக்கமும் சேரமாட்டார்”

நோயாளியின் கட்சியைப் பார்த்துச் சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது சரி. அதை, நோயாளியைக் காயப்படுத்தியவர் யார் என்று சொல்லவே கூடாது என்று நீட்டுவதில்தான் பிழை.

1983 இல் உளவியலாளர்களும் சமூகப்பணியாளர்களும் சேர்ந்து, தென்னாப்பிரிக்காவுக்குப் பொருத்தமான சமூக சேவைகளுக்கான அமைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். ஓசா என்று சுருக்கமாக அழைக்கப்பட்டது. நிறவெறி ஆட்சி தானே மனநலக் கேடு என்று அது வெளிப்படையாக அறிவித்தது. அதே ஆண்டில் ‘சமூகத்தில் உளவியல்’ என்ற ஆய்விதழும் தொடங்கியது. கைதிகளின் பெற்றோர் ஆதரவுக் குழு, பிக்கோவின் மரணத்துக்குப் பிறகு அரசுசார் மருத்துவர் சங்கத்தை விட்டு விலகியவர்கள் 1982 இல் தொடங்கிய மாற்று மருத்துவர் சங்கம் ஆகியவற்றோடு ஓசா சேர்ந்து இயங்கியது. காவலில் இருந்து வந்தவர்களுக்கு ஆற்றுப்படுத்தல், ஆசிரியர்களுக்கும் தொழிற்சங்கத்தாருக்கும் பயிற்சி, காவலில் என்ன நேரும், வெளிவந்தபின் மனம் எப்படி இருக்கும் என்று விளக்கும் எளிய வெளியீடுகள் என அதன் வேலைகள் விரிந்தன.

பக்கம் சேர்வது இங்கே தொழில்நுட்பத் தேவையாகவும் இருந்தது. வெளிவந்த இளைஞன் எதிரே இருக்கும் வெள்ளைக்கார உளவியலாளரை நம்ப வேண்டும் என்றால், அவருடைய பின்னணியை அவன் இயக்கத்தார் அறிந்திருக்க வேண்டும். அவன் சொன்னதை எழுதி வைத்த கோப்பு போலீஸ் கையில் சிக்கினால் அதுவே இன்னும் நாலு பேரைச் சிறைக்கு அனுப்பும். ரகசியம் காப்பது என்ற தொழில் தர்மத்தின் பொருளே மாறிப்போனது. ஓசாவுக்குக் குறைகளும் இருந்தன. பெரும்பாலும் வெள்ளையர்களால் நடத்தப்பட்டது என்ற விமர்சனம் நியாயமானதே. ஆனால் நடுநிலை என்று சொல்லிக்கொண்டு அறையைச் சாத்திக்கொண்டவர்களின் வாசலுக்கு அந்த இளைஞன் வரவே இல்லை.

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த எல் சால்வடோரில் இக்னாசியோ மார்ட்டின் பாரோ என்ற ஜெசுவிட் பாதிரியார், உளவியலாளர், 1986 இல் கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றை நிறுவினார். போரை மக்கள் ஆதரிக்கிறார்கள் என்று அரசும், எங்களோடு இருக்கிறார்கள் என்று கெரில்லாக்களும் சொல்லிக்கொண்டிருந்த நாட்டில், மக்களையே கேட்டு எண்ணிச் சொன்னார். 1989 நவம்பர் 16 அன்று ராணுவம் அவரையும் உடனிருந்த ஐந்து ஜெசுவிட்களையும், வீட்டுப் பணிப்பெண்ணையும் அவர் மகளையும் பல்கலைக்கழக வளாகத்திலேயே சுட்டுக் கொன்றது. முறையான கருத்துக்கணிப்பு நடத்துவதே அங்கே ஒரு பக்கம் சேர்வதாகிவிட்டது.

“மனவடு என்பது முடிந்துபோன ஒன்றின் தழும்பு”

1980இல் அமெரிக்க மனநல மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய்ப்பெயர், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம். வியட்நாமிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களை மனத்தில் வைத்து உருவானது. அவர்கள் பாதுகாப்பான ஊரில் இருந்தார்கள். போர் நினைவில் இருந்தது.

1986 ஜனவரியில் ஜொஹானஸ்பர்க்குக் கிழக்கே லியாண்ட்ரா என்ற கறுப்பினக் குடியிருப்பில், கட்டாய வெளியேற்றத்தை எதிர்த்து நின்ற தலைவர் ஆம்பி மயீசாவைக் கூலிக் கும்பல் கொன்றது. ஊரின் இளைஞர்கள் உயிருக்குத் தப்பி ஒரு திருச்சபை நிலையத்தில் ஒதுங்கினார்கள். அவர்களைச் சந்தித்த உளவியலாளர் கில்லியன் ஸ்ட்ரேக்கரும் குழுவினரும், பாடப்புத்தகம் இங்கே பொருந்தாது என்று கண்டார்கள். இந்தப் பையன்களுக்கு ‘பிந்தைய’ என்று எதுவும் இல்லை. நேற்றுத் தாக்கினார்கள், நாளையும் வருவார்கள். கதவுச் சத்தத்துக்குத் துள்ளி எழுவதை அமெரிக்கச் சிப்பாயிடம் நோய்க்குறி என்று எழுதலாம். இங்கே அது உயிர் காக்கும் எச்சரிக்கை. அதைத் தணித்தால் சிகிச்சையே அவனைக் கொல்லும்.

தொடர்ந்து நிகழும் மனவடு என்று இதற்குப் பெயரிட்டு 1987 இல் எழுதினார்கள். சிகிச்சையின் வடிவமும் மாறியது. இன்று வந்தவன் அடுத்த வாரம் உயிரோடு வருவானா, சிறையில் இருப்பானா என்று தெரியாதபோது பத்து அமர்வுகளுக்குத் திட்டமிட முடியாது. ஒவ்வொரு சந்திப்பும் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். ஆழத்தில் புதைந்ததைத் தோண்டி எடுத்துவிட்டு நேரமாகிவிட்டது என்று அனுப்பக் கூடாது. அவனிடம் இருக்கும் பலத்தை, நண்பர்களை, நம்பிக்கையை அடையாளம் கண்டு உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும். போர் ஓயாத எந்த ஊரிலும் மனநலப் பணிக்குப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது இது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்ட்ரேக்கர் பின்னாளில் அந்த இளைஞர்கள் அறுபது பேரைப் பற்றி எழுதிய புத்தகம் 1992 இல் வந்தது. எல்லாரும் உடைந்துபோயிருக்கவில்லை. எல்லாரும் வீரர்களாகவும் இருக்கவில்லை. அந்தத் தலைமுறையை ‘தொலைந்துபோன தலைமுறை’ என்று பத்திரிகைகள் எழுதிய காலத்தில், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்ததே பெரிய மரியாதை.

“கும்பலுக்கு மூளை கிடையாது”

1980களில் காட்டிக்கொடுத்தவர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களைக் கூட்டமாகச் சேர்ந்து கொன்ற வழக்குகளில் இளைஞர்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கூட்டத்தில் மனிதர் தன் தனித்தன்மையை இழக்கிறார் என்று பிரிட்டனின் ஆண்ட்ரூ கோல்மன் உள்ளிட்ட உளவியலாளர்கள் சாட்சி சொன்னதால் சிலர் தூக்கிலிருந்து தப்பினார்கள். உயிர்கள் மிஞ்சின, அதற்கு ஈடேது. ஆனால் அந்த வாதத்தில் இளைஞர்களின் அரசியல் கோபம், அரசின் வன்முறை, ஒற்றர் வலை எல்லாம் பின்னுக்குப் போய், தன்னை மறந்த கூட்டம் மட்டுமே மிஞ்சியது. சஃபெண்டாஸைத் தூக்கிலிருந்து காப்பாற்றியதும் இப்படியொரு வாதம்தான். ஒருவரைக் காப்பாற்ற அவருடைய பேச்சைப் பறிக்க வேண்டியிருக்கும் நீதிமன்றத்தில் உளவியலாளருக்குச் சுத்தமான வழி ஒன்றும் இல்லை. நான் அந்தக் கூண்டில் நின்றிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

“பேசிவிட்டால் மனம் ஆறிவிடும்”

1996 இல் நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரிக்க உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமர்ந்தபோது, வெளிப்படுத்துவதே குணமாக்கும் என்ற பொருளில் எழுதிய பதாகை மேடையில் தொங்கியது. சுமார் 21,000 பேர் வாக்குமூலம் தந்தார்கள். பகிரங்க அமர்வில் பேசியவர்கள் ஏறக்குறைய 2,000. சாட்சி சொல்பவரின் பக்கத்தில் அமர்ந்து தண்ணீரும் கைக்குட்டையும் ஆறுதலும் தர ஆட்கள் இருந்தார்கள். தன் மகன் எப்படிச் செத்தான் என்று முதன்முறையாக நாடே கேட்கச் சொல்வதன் மதிப்பைக் குறைக்க முடியாது. அரசு மறுத்த உண்மை அரசின் ஆவணத்தில் ஏறியது.

ஆனால் அது சிகிச்சை அல்ல. டெப்ரா காமினரும் சக ஆய்வாளர்களும் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், ஆணையத்தின் முன் சாட்சி சொன்னவர்களுக்கும் சொல்லாதவர்களுக்கும் மனநோய் நிலையிலோ மன்னிக்கும் மனநிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஒருநாள் மேடையில் அழுதவர் அதே தகரக் குடிசைக்கு, அதே வேலையின்மைக்கு, சில சமயம் கொன்றவன் நடமாடும் அதே தெருவுக்குத் திரும்பினார். ஆணையம் பரிந்துரைத்தது ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை. 2003 இல் அரசு அறிவித்தது ஒரே முறை, 30,000 ராண்ட். பாதிக்கப்பட்டவர்களே 1995 இல் தொடங்கிய குலுமானி ஆதரவுக் குழு, இழப்பீட்டையும் வழக்கையும் பற்றிப் பேசுவதையும் ஆற்றுப்படுத்தலின் பகுதியாகவே வைத்துக்கொண்டது. அவர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள்.

கேப் டவுனில் 1993 இல் வன்முறைக்கும் சித்திரவதைக்கும் தப்பியவர்களுக்கான மையம் கௌலி இல்லத்தில் தொடங்கியது. ராபன் தீவுச் சிறையின் அரசியல் கைதிகளைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்து வரும் குடும்பத்தார் தங்கிச்செல்லும் இடமாக இருந்த வீடு அது. யாரையும் நாடிப் போய்ச் சேவை செய்ய வேண்டியிருக்கவில்லை. மக்களுக்கு ஏற்கெனவே பழகிய வாசல்.

“ஆட்சி மாறினால் எல்லாம் மாறும்”

நிறைய மாறியது. மங்கான்யி புதிய அரசின் கல்வித்துறைத் தலைமை இயக்குநரானார். டர்பனைச் சேர்ந்த சதாசிவன் கூப்பர், நம்மவர்களில் பலருக்குத் தெரியாத பெயர், கறுப்பின விழிப்புணர்வு இயக்கத்தில் இருந்ததற்காக ராபன் தீவில் ஐந்தாண்டுகளுக்கு மேல் கிடந்தவர். வெளியே வந்து உளவியல் படித்து, தேசிய உளவியல் சங்கத்தின் தலைவராகவும், 2012 முதல் 2016 வரை உலக உளவியல் ஒன்றியத்தின் தலைவராகவும் இருந்தார். 2012 இல் ஆப்பிரிக்க மண்ணில் முதன்முறையாக உலக உளவியல் மாநாடு நடந்தது கேப் டவுனில்.

இந்தப் பக்கம் இப்படி இருக்க, பழைய சுரங்கக் கொட்டடிகளில் தொடங்கிய ஸ்மித் மிச்சல் வணிகம் பெயரும் உரிமையாளரும் மாறி லைஃப் எசிடிமெனி ஆகியிருந்தது. 2015 இல் ஹௌடெங் மாகாண அரசு, செலவைக் குறைக்கவும் நோயாளிகளைச் சமூகத்துக்குள் அனுப்பவும் என்று சொல்லி ஒப்பந்தத்தை முறித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை, உணவும் மருந்தும் ஆளும் இல்லாத தொண்டு அமைப்புகளுக்கு அனுப்பியது. சிலரைத் திறந்த வண்டிகளில் ஏற்றினார்கள். சிலரின் குடும்பத்தாருக்கு எங்கே அனுப்பினார்கள் என்றே சொல்லவில்லை. 144 பேர் இறந்தார்கள். பசியிலும் நீரின்மையிலும் இறந்தவர்கள் அவர்களில் உண்டு. நிறுவனத்திலிருந்து சமூகத்துக்கு என்பது மனநல இயக்கம் பல காலமாகக் கேட்டுவந்த நல்ல கொள்கை. அதன் பெயரில்தான் இது நடந்தது. நடத்தியது மக்கள் தேர்ந்தெடுத்த, விடுதலைக்குப் போராடிய கட்சியின் அரசு.

ஒரு வேறுபாடு உண்டு. 1970களில் மனநல மருத்துவர் சங்கம் அரசின் பக்கம் நின்றது. இம்முறை நோயாளிகளின் குடும்பத்தார், மனச்சோர்வு நோயாளிகளுக்கான அமைப்பு, மனநல மருத்துவர் சங்கம் எல்லாரும் ஒரே பக்கம் நின்று, சாவுகள் தொடங்கும் முன்பே அரசை எச்சரித்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2016 மார்ச்சில் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை. சாவுகளுக்குப் பிறகு முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனேகே நடத்திய விசாரணையில் குடும்பத்தார் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2018 இல் இழப்பீடு ஆணையிடப்பட்டது. 2024 ஜூலையில் இன்னொரு நீதிமன்றம், ஒன்பது பேரின் மரணத்துக்கு முன்னாள் மாகாண சுகாதார அமைச்சரும் மனநலத் துறையின் முன்னாள் இயக்குநரும் பொறுப்பு என்று கண்டது.